வாசல்வரை வந்த பொருளுக்கு வாரண்டி மட்டும் ஏன் வரவில்லை? மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மின்கட்டணம், ரயில் டிக்கெட், சான்றிதழ் விண்ணப்பம் என்று வருகிறவர்கள், கூடவே ஆன்லைனில் பொருள் ஆர்டர் போட்டுத் தரச் சொல்லியும் கேட்பார்கள். பாம்பன், அக்காள்மடம், ராமேஸ்வரம் ஆட்கள்தான் அதிகம். உறவுக்காரர்கள் மூலமாகக் கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கத்துப் பில்களும் என் மேசைக்கு வருவதுண்டு. வாங்கிய பொருள் வாரண்டிக் காலத்துக்குள்ளேயே பழுதாகி, யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவிக்கும்போதும் அவர்கள் இங்கேதான் வருகிறார்கள். அவர்களுக்காகப் புகார் எழுதி எழுதி நான் அறிந்துகொண்டதைத் தங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 16ஆவது பிரிவு, நுகர்வோர் ஒரு வகுப்பாக, அதாவது பலர் ஒரே விதமாகச் சேர்ந்து பாதிக்கப்படும்போது அதை விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்குத் தந்திருக்கிறது. அப்படிப்பட்ட புகாரை ஆட்சியரிடமே எழுத்தில் கொடுக்கலாம் என்கிறது 17ஆவது பிரிவு. இந்த மடலை அந்தப் பிரிவின்கீழ் ஒரு புகாராக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆன்லைன் விற்பனைத் தளங்களில் கடை விரித்திருக்கும் விற்பனையாளர்கள் இந்தக் கடலோர மக்களுக்கு வாரண்டியை எப்படி மறுக்கிறார்கள் என்று விசாரித்து, அறிக்கை அனுப்புங்கள். நான் கேட்பதில் முதன்மையானது இதுதான்.

ஒருவருக்குக் கெட்டுப்போன மிக்ஸி ஒருவருடைய பிரச்சினை என்று தோன்றலாம். என் மேசையிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பொருள் வேறு, விற்றவர் வேறு, வாங்கியவர் வேறு. ஆனால் மறுக்கும் விதம் மட்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது.

நாட்டுப்படகுக்காரர் ஒருவர் வாங்கிய விளக்கைப் பற்றிச் சொல்கிறேன். இரவில் வலை இழுக்கும்போது தலையில் மாட்டிக்கொள்ளும் சார்ஜ் விளக்கு அது. விற்பனைப் பக்கத்தில் மழையில் நனையும் விளக்கின் படம் போட்டிருந்தார்கள். தண்ணீர் புகாது, ஆறு மாத வாரண்டி என்று பெரிய எழுத்தில் இருந்தது. சில வாரத்தில் விளக்கு சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. சார்ஜ் வயரைச் செருகும் துளையின் ரப்பர் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பித்தளை முனைகளில் பச்சை பூத்திருந்தது. ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. மூடி துளையைக் கெட்டியாக அடைக்கவே இல்லை. விரலால் அழுத்தினால் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழுந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினோம். விற்பனையாளரிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. தண்ணீரால் ஏற்பட்ட சேதத்துக்கு வாரண்டி பொருந்தாதாம்.

தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற பொருளுக்குள் தண்ணீர் புகுந்ததே பழுது. அந்தப் பழுதையே காரணம் காட்டி வாரண்டியை மறுக்கிறார்கள். பொய்யான உத்தரவாதம் தரும் விளம்பரம் தவறான விளம்பரம் என்று அதே சட்டம் வரையறுத்திருக்கிறது. அதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் மத்திய ஆணையத்துக்கு உண்டு. மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். ஆனால் ஆணையத்தின் காதுக்கு இந்த விளக்கின் கதை எப்படிப் போய்ச் சேரும்? அதை வாங்கியவர் எழுதப் போவதில்லை. அவர் வேறு விளக்கு வாங்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்.

உப்பு, ஈரம், அரிப்பு ஆகியவற்றால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரியைப் பல வாரண்டி அட்டைகளின் பின்பக்கத்தில் பார்க்கிறேன். தேவிபட்டினத்திலும் மூக்கையூரிலும் பாம்பனிலும் உப்புக் காற்று படாத வீடு எங்கே இருக்கிறது? வாடைக் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியே பிசுபிசுக்கிறது. இந்த ஊர்களில் விற்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் வாஷிங் மெஷினுக்கும் அப்படியொரு விலக்கு உண்டென்றால், பணம் வாங்குவதற்கு முன்பே, வாங்குகிறவர் கண்ணில் படும்படி அதைச் சொல்ல வேண்டும். பெட்டியைப் பிரித்த பிறகு அடியில் கிடக்கும் அட்டையில் சொல்வது சொன்னதாகாது. பொருளுக்கு உரிய உத்தரவாத விவரங்களை விற்பனையாளர் கொடுக்க வேண்டும், தளம் அவற்றை வாங்குபவர் பார்க்கும்படி காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தெளிவாகவே சொல்கின்றன.

அடுத்து, பழுதுபார்க்க ஆள் வரும் விஷயம். இதில்தான் எங்கள் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போகும். மறுநாள் கரை திரும்பும். பில்லில் இருப்பது பெரும்பாலும் ஆண்களின் கைபேசி எண். புகார் பதிவு செய்ததும் கஸ்டமர் கேரிலிருந்து அழைப்பார்கள். அழைக்கும் நேரத்தில் அந்தக் கைபேசி நடுக்கடலில் சிக்னல் இல்லாமல் கிடக்கும். இரண்டு மூன்று முறை அழைத்துப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர் தொடர்பில் கிடைக்கவில்லை என்று எழுதிப் புகாரை மூடிவிடுகிறார்கள். கரைக்கு வந்தவர் மீண்டும் பதிவு செய்வார். புது எண் கிடைக்கும். பழைய புகாருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பார்கள். இப்படியே வாரண்டிக் காலம் கரைந்துபோகும். கடைசியாக யாராவது பேசும்போது, காலம் முடிந்துவிட்டதே என்பார்கள்.

வீட்டில் இருக்கும் பெண்களிடம் வேறு விதம். டெக்னீசியன் என்று ஒருவர் அழைப்பார். உங்கள் புகாரை எடுத்துக்கொள்கிறேன், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள் என்பார். சொன்னவுடன் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வரும். வேலை முடிந்ததற்கு வாடிக்கையாளர் தரும் ஒப்புதல்தான் அந்த எண். அதை ஆள் வருவதற்கு முன்பே வாங்கிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வர மனமில்லாத ஒருவர், ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தன் கணக்கை முடித்துக்கொள்கிறார். அக்காள்மடத்துப் பெண் ஒருவர் தன் கைபேசியை என்னிடம் நீட்டி, "சரியாகிவிட்டது என்று வந்திருக்கிறதே, பெட்டியை இன்னும் யாரும் தொடவே இல்லையே" என்று கேட்டார். அவருக்கு எழுத்து நன்றாகவே தெரியும். தன் பெயரில் ஒரு பொய்யைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சில பொருட்களுக்கு ஆளே வர மாட்டார். நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சர்வீஸ் சென்டர் மதுரையில் என்பார்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 150 கிலோமீட்டருக்கு மேல். பஸ் கட்டணம், ஒருநாள் கூலி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் சின்னப் பொருளின் விலையே வந்துவிடும். போய்ச் சேர்ந்தாலும் அங்கே என்ன நடக்கிறது? வாரண்டி அட்டையில் கடை முத்திரை இல்லையே என்று கேட்கிறார்கள். கூரியரில் வந்த பெட்டிக்குள் இருந்த அட்டையில் யார் முத்திரை குத்துவார்? அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். பில்லைக் காட்டினால், இந்த விற்பனையாளர் எங்கள் அங்கீகாரம் பெற்றவர் இல்லை, அவரையே கேளுங்கள் என்கிறார்கள். விற்பனையாளரைக் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார். தளத்தைக் கேட்டால், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது, இரண்டு பேரில் ஒருவரைக் கேளுங்கள் என்கிறார்கள்.

இந்த மூவரில் யார் பொறுப்பு என்பதில் அரசாங்கத்துக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அந்நிய முதலீட்டில் நடக்கும் விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு வகுத்த கொள்கையில், விற்ற பொருளின் வாரண்டி விற்பனையாளரின் பொறுப்பு என்றே எழுதியிருக்கிறது. விற்பனையாளரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம் பக்கத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்றும் அதே கொள்கை சொல்கிறது. 2018 டிசம்பரில் வெளியிட்ட திருத்தத்திலும் இவை உண்டு. ஆகவே வாரண்டியைத் தளமே சுமக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தளத்துக்கென்று சட்டம் வைத்த கடமையைத் தளம் செய்தால் போதும். வாங்கியவர் எழுதிக் கேட்டால் விற்பனையாளரின் தலைமை அலுவலகமும் கிளைகளும் எங்கே இருக்கின்றன, மின்னஞ்சல் என்ன என்று எல்லாம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் எண் தந்து, அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வழி செய்ய வேண்டும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2020 ஜூலையிலிருந்து இவை சட்ட விதிகள். நான் எழுதிக் கேட்ட இடங்களில் முகவரிக்குப் பதிலாகப் பெரும்பாலும் வந்தது, தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்ற வாக்கியம்தான்.

முகவரி எங்கள் மக்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குப் பில்லையே காட்டுகிறேன். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. என் மேசைக்கு வரும் பில்களில் 07, 06, 27, 29 என்று தொடங்குபவைதான் அதிகம்: டெல்லி, ஹரியானா, மகாராஷ்டிரா, கர்நாடகா. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு கடையில் மிக்ஸி வாங்கி அது ஓடவில்லை என்றால் அந்தக் கடைக்காரர் முன்னால் போய் நிற்கலாம். அவரும் நாளைக்கு நம் முகத்தில் விழிக்க வேண்டியவர். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவருக்கு அது ஒன்றே போதும். ஹரியானாவில் ஏதோ ஒரு கிடங்கில் இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவரைக் கட்டாயப்படுத்தச் சட்டம் ஒன்றால்தான் முடியும்.

அப்படியென்றால் உள்ளூரிலேயே வாங்கலாமே என்று சொல்கிறவர்கள் உண்டு. அதிகாரிகளிடமிருந்தும் இதைக் கேட்டிருக்கிறேன். இது பதில் அல்ல. தீவில் கிடைக்காத பொருள் உண்டு. கிடைத்தாலும் விலை வித்தியாசம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானமே இல்லாத குடும்பம், முந்நூறு ரூபாய் குறைவு என்றால் ஆன்லைனில்தான் வாங்கும். அதைப் பேராசை என்று யாரும் சொல்லக்கூடாது. அந்த விலைக்குள்தான் வாரண்டியும் இருக்கிறது. வரி உட்பட முழுப் பணத்தையும் கட்டியவர் கேட்பது சலுகை அல்ல, விலை கொடுத்து வாங்கிய உரிமை.

கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. மகன் துபாயிலோ சவுதியிலோ இருப்பான். அங்கிருந்தபடியே அம்மாவுக்கு வாஷிங் மெஷின் ஆர்டர் செய்து வீட்டுக்கு அனுப்புவான். பழுதானதும் அம்மா அழைத்தால், பில்லில் உங்கள் பெயர் இல்லை, பதிவு செய்த எண்ணிலிருந்து அழையுங்கள் என்கிறார்கள். அந்த எண் வளைகுடாவில் வேலை நேரத்தில் அணைந்து கிடக்கிறது. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் 2ஆவது பிரிவு சொல்கிறது. அம்மா கேட்கலாம், அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். இதை அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை என்பது ஒருபுறம். கஸ்டமர் கேரில் பேசுகிறவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

தொழிலுக்காக வாங்கும் பொருளிலும் இதே கதைதான். படகில் வைக்கும் ஜிபிஎஸ் கருவி, வீட்டில் இருந்து தைக்கும் பெண்ணின் மோட்டார் தையல் இயந்திரம் ஆகியவற்றுக்கு, வணிகப் பயன்பாடு, ஆகவே வாரண்டி இல்லை என்று ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். வாரண்டி நிபந்தனையில் அப்படி எழுதி வைத்திருந்தால் அது வேறு வாதம். ஆனால் நீங்கள் நுகர்வோரே இல்லை, எங்கும் போய்ப் புகார் செய்ய முடியாது என்று மிரட்டுவது சட்டத்துக்கே மாறானது. சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே பொருள் வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சட்ட விளக்கத்திலேயே இருக்கிறது. வத்தை என்னும் சிறு படகில் போய் வலை போடுகிறவர் நுகர்வோர் இல்லையென்றால் வேறு யார்தான் நுகர்வோர்?

டிவி போன்ற பொருட்களில் இன்னொரு இழப்பும் உண்டு. பெட்டி வந்துவிடும். பொருத்த ஆள் வரும்வரை பிரிக்கக்கூடாது என்பார்கள். ஆள் பாலம் தாண்டி வரத் தாமதமாகும். வாரண்டி மட்டும் பில் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பொருத்திய நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. வேண்டுகோளாக இருக்கும்வரை இந்தக் கரைக்கு அதனால் பயனில்லை. தங்கள் அறிக்கையில் இதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறது, நல்ல வழிதான். விற்பனையாளர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கேட்டால் காணொலி வழியாகவும் விசாரிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி, விலை உயர்ந்த கைபேசி என்றால் நானே அங்கே போகச் சொல்கிறேன். ஆனால் எண்ணூறு ரூபாய் விளக்குக்கும் ஆயிரத்து இருநூறு ரூபாய் பவர் பேங்குக்கும் கடல் வேலையை விட்டுவிட்டு யார் வழக்கு நடத்துவார்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி, பேசித் தீர்க்க முயல்வார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. சில புகார்கள் அங்கேயே தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். தீராதவை அப்படியே நிற்கின்றன.

தனித்தனியாக எடுத்தால் வழக்குக்குத் தகாத சின்னத் தொகை. கரை முழுவதும் சேர்த்தால் பெரிய பணம். இந்த நிலைக்காகத்தான் நுகர்வோரை ஒரு வகுப்பாகப் பார்க்கும் பிரிவுகளைச் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். அந்தப் பிரிவுகள் வெறும் எழுத்தாக இல்லை என்பதற்குச் சான்று உண்டு. 2022இல், தர முத்திரை விதியை மீறிய பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்த பெரிய தளங்கள்மீது மத்திய ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது; தலா 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. வாங்கிய ஒவ்வொருவரும் வழக்குப் போட வேண்டியிருக்கவில்லை. வாரண்டி விஷயத்திலும் அதையே கேட்கிறோம். அதற்கு மாவட்டத்திலிருந்து ஓர் அறிக்கை போக வேண்டும். அந்த அறிக்கையை எழுதும் இடத்தில் தாங்கள் இருக்கிறீர்கள்.

விசாரணையில் ஒன்றை மட்டும் தவறாமல் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எந்தத் தளத்திலும் பொருளைத் தேர்ந்தெடுத்ததும் அஞ்சல் குறியீட்டைக் கேட்கிறது. 623 என்று தொடங்கும் எங்கள் எண்ணைப் போட்டால், எந்தத் தேதியில் பொருள் வீடு வந்து சேரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதே எண்ணுக்கு, பழுதானால் ஆள் வருவாரா, வர மாட்டார் என்றால் எங்கே கொண்டுபோக வேண்டும், கொண்டுபோகும் செலவு யாருடையது என்று அதே இடத்தில் சொல்ல முடியாதா? முடியும், விருப்பம் இல்லை. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயிலே இல்லை. அந்தக் காலத்திலும் பார்சல் வண்டிகள் சாலைப் பாலத்தில் வந்துகொண்டுதான் இருந்தன. விற்பதற்கு எட்டுகிற ஊர், பழுதுபார்க்க மட்டும் எட்டாத ஊராவதை ஏற்க முடியாது. சேவை தர முடியாத ஊருக்கு, வாரண்டி உண்டு என்று சொல்லிப் பொருளை விற்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று தங்கள் அறிக்கை சொல்ல வேண்டும்.

இனி, மத்திய ஆணையம்வரை போகாமல் மாவட்ட அளவிலேயே தாங்கள் செய்யக்கூடியவை. மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழுவுக்குச் சட்டப்படி தலைவர் மாவட்ட ஆட்சியர்தான். அந்தக் குழு ஆலோசனை சொல்லும் அமைப்பு என்பது தெரியும். ஆனால் அதன் ஒரு கூட்டத்தை ராமேஸ்வரத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ நடத்தி, மக்கள் பில்லோடும் பழுதான பொருளோடும் வந்து பேச இடம் தாருங்கள். தளங்களின் பிரதிநிதிகளையும் அழையுங்கள். அவர்கள் வராமல் போனால் அதுவும் அறிக்கையில் ஏறட்டும்.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம் என்பார்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள் அது. ஆகவே மீனவர் குறைதீர் கூட்டங்களில் வாரண்டி மனுக்களையும் வாங்க உத்தரவிடுங்கள். டீசல், வலை, படகு நிவாரணம் மட்டும்தான் மீனவர் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். மீனவர் வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டி ஓட வேண்டும்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இணையவழியாக மனு போட வசதி இருக்கிறது. இ-சேவை மையங்களில் அதைச் செய்துதர ஏற்பாடு செய்தால், தொண்டிக்காரர் பஸ் ஏறி ராமநாதபுரம் வர வேண்டியதில்லை. அங்கேயே சுவரில் ஓர் அறிவிப்பும் ஒட்டலாம். அதில் இப்படி எழுதலாம்: ஓடிபியை வேலை முடிந்த பிறகே சொல்லுங்கள். பொருள் வந்த அன்றே பில்லைத் தரவிறக்கி வையுங்கள், விற்பனையாளர் கடையைக் கட்டிய பிறகு தேட முடியாது. வாரண்டி என்று போட்டிருக்கும் பக்கத்தை வாங்கும்போதே படம் பிடித்து வையுங்கள், பிறகு அந்த வரி மாறலாம். தங்கள் கையெழுத்தோடு தமிழில் அது இருந்தால், என் கடையில் நான் சொல்வதைவிடப் பல மடங்கு எடுபடும்.

எடையளவுச் சட்டத்தின்கீழ் ஆய்வு செய்யும் தொழிலாளர் துறை அதிகாரிகள் கடைகளில் சோதனை போடுவதைப் பார்க்கிறோம். பொட்டலப் பொருட்களில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, புகார் சொல்லும் தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு விதி. 2018 ஜனவரியிலிருந்து பெரும்பாலான விவரங்களை விற்பனைப் பக்கத்திலும் காட்ட வேண்டும். என்னிடம் வந்த விளக்குப் பெட்டிகளிலும் சார்ஜர் பெட்டிகளிலும் வெறும் படமும் நாட்டின் பெயரும் மட்டும் இருந்தவை உண்டு. அப்படிப்பட்ட பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாரண்டியை யாரிடம் கேட்பது? கூரியர் கிடங்குக்கு வந்து சேரும் பொருட்களையும் அந்த அதிகாரிகள் பார்க்கும்படி செய்யுங்கள்.

இத்துடன் பில் நகல்கள், வாரண்டி அட்டைகளின் இருபக்க நகல்கள், புகார் எண்கள், புகார் மூடப்பட்டதாக வந்த குறுஞ்செய்திகளின் படங்கள், விற்பனையாளர்களும் தளங்களும் அனுப்பிய பதில்கள் ஆகியவற்றை, உரியவர்களின் ஒப்புதலோடு தேதி வாரியாக அடுக்கித் தனி உறையில் இணைத்து அனுப்பியிருக்கிறேன். பெயரும் எண்ணும் வெளியே தெரிய வேண்டாம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய தாள்களில் தனியாகக் குறித்திருக்கிறேன். பழுதான பொருட்களில் பல இன்னும் அவரவர் வீட்டில்தான் இருக்கின்றன. விசாரணை அதிகாரி நேரில் பார்க்கலாம். வரும் நாளைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை காலையாக இருந்தால் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு வேறொரு நாள் வைக்க வேண்டியிருக்கும். அதை அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
தங்கச்சிமடம்.